சொந்த வீடு ஏன் எட்டாமல் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் பல வருடம் இருந்தேன். வேலையை விட்ட பிறகும் கேள்விகள் என்னை விடவில்லை. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார், தங்கை மகள் நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் கேட்கிறாள். எல்லோருக்கும் அதே பத்துப் பன்னிரண்டு சந்தேகங்கள்தான். அதனால் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை என்பதால் மேலிருந்து படிப்பது நல்லது. கணக்குகளில் வரும் ‘ஒரு லட்சம்’ எந்த நாட்டு நாணயத்துக்கும் பொருந்தும்.

எங்க அப்பா ஒரே சம்பளத்துல வீடு வாங்கினார். நாங்க ரெண்டு பேர் சம்பாதிச்சும் முடியல. எங்க தப்பு என்ன?

தப்பு எதுவும் இல்லை. கணக்கு மாறிவிட்டது. வீட்டு விலையை ஒரு வருடச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு வீடு எத்தனை வருடச் சம்பளம் என்று தெரியும். இங்கிலாந்தில் இந்த எண் 1997-ல் சுமார் 3.5 ஆக இருந்தது. 2021-ல் 9-ஐத் தொட்டது. உலகின் பல பெருநகரங்களில் இதே கதைதான், எண் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இது முதலில் அடிப்பது முன்பணத்தில். விலையில் ஐந்தில் ஒரு பங்கை நாம் போட வேண்டும், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேமிக்கிறோம் என்று வையுங்கள். வீடு 3 வருடச் சம்பளமாக இருந்தால் முன்பணம் சேர 6 வருடம் ஆகும். 9 வருடச் சம்பளமாக இருந்தால் 18 வருடம். 25 வயதில் சேமிக்கத் தொடங்கிய அப்பா 31-ல் சாவி வாங்கினார். அதே ஒழுக்கத்தோடு சேமிக்கும் உங்களுக்கு 43 ஆகிவிடும்.

இரண்டு சம்பளம் கைகொடுக்காதா என்றால், ஓரளவு கொடுக்கும். ஆனால் உங்களோடு போட்டி போட்டு அதே வீட்டைக் கேட்கும் குடும்பங்களிலும் இரண்டு சம்பளம் இருக்கிறதே. ஏலத்தில் எல்லோர் கையிலும் இன்னொரு பணப்பை முளைத்தால் ஏறுவது ஏலத்தொகைதான்.

ஊர் சுத்தறதையும் ஹோட்டலையும் குறைச்சா தானா சேர்ந்துடும்னு மாமா சொல்றாரே?

மாமா தனியாள் இல்லை. 2017-ல் ஆஸ்திரேலியாவின் மனைத்தொழில் கோடீஸ்வரர் ஒருவர், இளைஞர்கள் ரொட்டியில் அவகாடோ தடவிச் சாப்பிடுவதைக் காட்டி இதையே சொல்லி, உலகம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மேலே சொன்ன கணக்கையே கொஞ்சம் நீட்டுவோம். 9 வருடச் சம்பளம் என்றால் 108 மாதச் சம்பளம். விலை வருடத்துக்கு 5% ஏறினால் 5.4 மாதச் சம்பளம் கூடுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 1.1 மாதச் சம்பளம், உங்கள் முன்பண இலக்கில் ஏறிவிடும். நீங்கள் வருடம் முழுக்கச் சேமித்தது 1.2 மாதச் சம்பளம். சம்பளமும் அதே வேகத்தில் ஏறினால் பரவாயில்லை. ஏறாத வருடங்களில் நின்ற இடத்திலேயே ஓடுகிறீர்கள். செலவைக் குறைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அந்த 1.2-ஐ 1.4 ஆக்கும், அவ்வளவே.

சிமெண்ட், கம்பி, கூலி எல்லாம் ஏறிப்போச்சு, அதனாலதானே வீடு விலையும் ஏறுது?

ஏறியதில் பெரும்பங்கு அங்கே இல்லை. கட்டடம் நாளாக நாளாகப் பழசாகும் பொருள். சுவர் ஓதம் பிடிக்கும், குழாய் துருப்பிடிக்கும். நியாயமாக 30 வருடப் பழைய வீடு மலிவாக வேண்டும். ஆகவில்லை என்றால் விலை ஏறியது வீட்டுக்கு இல்லை, அதற்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு.

14 முன்னேறிய நாடுகளின் வீட்டு விலைகளை 1870 முதல் 2012 வரை தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. 1950-க்குப் பிந்தைய விலையேற்றத்தில் சுமார் 80% நிலத்தால் வந்தது என்று அது கண்டது. அதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று அதில் உண்டு: பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வீட்டு விலை பெரிதாக ஏறவே இல்லை. ரயில் வந்து, தொலைவில் கிடந்த மலிவான நிலத்தையெல்லாம் ஊருக்குப் பக்கமாக இழுத்து வந்தது அதற்கு ஒரு காரணம். பிறகு அப்படி இழுத்து வர எதுவும் பெரிதாக வரவில்லை.

நிலம்தான் ஊருக்கு வெளியே கொட்டிக் கிடக்குதே? அங்க போய் வாங்கிட்டா?

கொட்டிக் கிடக்கும் நிலம் வேலைக்குப் பக்கத்தில் இல்லையே. விலை மண்ணுக்கு என்றேன். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த மண்ணிலிருந்து அரை மணியில் போய்ச் சேரக்கூடிய வேலை, பள்ளி, மருத்துவமனை இவற்றுக்கு. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால், மாதம் 22 வேலை நாளில் 66 மணி நேரம். எட்டு நாள் வேலை நேரம் அது. தொலைவில் வாங்குவதே தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிச்சமாகும் விலையோடு அந்த எட்டு நாளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வட்டி குறைஞ்சா வாங்கறது சுலபம்தானே?

உங்களுக்கு மட்டும் குறைந்தால் சுலபம். எல்லோருக்கும் குறைகிறது என்பதில்தான் சிக்கல்.

30 வருடக் கடனில் ஒரு லட்சத்துக்கு 8% வட்டியில் மாதத் தவணை 734. அதுவே 4% என்றால் 477. அதே 734-ஐக் கட்டத் தயாராக இருப்பவருக்கு இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கடன் கிடைக்கும். வாங்க வருகிற எல்லோரும் ஒன்றரை மடங்கு பணத்தோடு வருகிறார்கள், விற்பனைக்கு இருக்கும் வீடுகளோ அதே எண்ணிக்கைதான். வட்டியில் கிடைத்த லாபம் விலையாக மாறி நிலத்துக்காரர் கைக்குப் போய்விடும். தவணை பழையபடி 734, முன்பணம் மட்டும் ஒன்றரை மடங்கு.

வட்டி ஏறினால் விலை அதே வேகத்தில் இறங்குமா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் 30 வருட நிலையான வட்டி, வாரச் சராசரியில், 2021 ஜனவரியில் 2.65% வரை இறங்கியது. 2023 அக்டோபரில் 7.79%-ஐத் தொட்டது. விலை சரியவில்லை. குறைந்த வட்டியில் கடன் வைத்திருந்தவர்கள், அதை விட்டுவிட்டுப் புது வட்டியில் இன்னொரு வீடு வாங்க மனம் வராமல் விற்காமலே இருந்துவிட்டார்கள். ஏறும்போது விலை லிஃப்டில் போகும், இறங்கும்போது படியைத் தேடும்.

அரசாங்கம் மானியம் கொடுத்தா தீர்ந்துடாதா?

வீடுகளின் எண்ணிக்கை கூடாத இடத்தில், மேலே வட்டிக்குச் சொன்னதே மானியத்துக்கும் நடக்கும். இங்கிலாந்தில் 2013-ல் புது வீடு வாங்குவோருக்கு விலையில் 20% வரை அரசே கடன் கொடுக்கும் திட்டம் வந்தது. லண்டனில் 2016 முதல் அதை 40% ஆக்கினார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள், சலுகையின் அளவு மாறும் எல்லைகளின் இரு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். கட்ட இடமில்லாத லண்டன் ஓரத்தில் விலை ஏறியது, கட்டுமானம் கூடவில்லை. கட்ட இடமுள்ள வேல்ஸ் எல்லையில் வீடுகள் கூடின, விலை பெரிதாக அசையவில்லை. ஒரே திட்டம்தான், மண் வேறு.

30 வருஷக் கடன் எடுத்தா தவணை கம்மியாகுமே, அதை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எதை விற்று எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்து எடுங்கள்.

ஒருமுறை ஓர் ஆசிரியை, கடன் வாங்கி ஒரு வருடம் முடிந்ததும் கணக்குத் தாளோடு என் மேசைக்கு வந்தார். 20 வருடக் கடன், 8% வட்டி. ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதம் 836 வீதம் வருடத்தில் 10,037 கட்டியிருந்தார். அசலில் கழிந்தது 2,114 மட்டும். பென்சிலால் அந்த எண்ணை இரண்டு தரம் வட்டமிட்டிருந்தார். “மீதி எங்க சார் போச்சு?” என்றார். வட்டிக்குத்தான் போனது. முதல் தவணையான 836-ல் 667 வட்டி, 169 சொச்சம்தான் அசல். பத்து வருடம், அதாவது பாதிக் காலம், தவறாமல் கட்டினாலும் லட்சத்தில் சுமார் 69,000 பாக்கி நிற்கும். பாதிக் கடன் முடிந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

30 வருடம் ஆக்கினால் தவணை 836-லிருந்து 734-க்கு இறங்கும். மாதம் 102 மிச்சம். இந்த மிச்சத்துக்கு விலை: 20 வருடத்தில் கட்டும் மொத்த வட்டி சுமார் ஒரு லட்சம், 30 வருடத்தில் 1.64 லட்சம். பத்து வருட முடிவில் அசல் பாக்கி 88,000-க்குப் பக்கத்தில். நீண்ட காலத்துக்கு எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் எடுத்துவிட்டு, கையில் காசு வரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள். முதல் ஐந்தாறு வருடத்தில் கட்டும் உபரிதான் அதிக வட்டியை மிச்சப்படுத்தும்.

வட்டி மாறக்கூடிய கடன்னா என்ன ஆகும்? பேங்க்ல “தவணை ஏறாது, கவலைப்படாதீங்க”ன்னு சொன்னாங்க.

தவணை ஏறாது, காலம் நீளும். அந்த வாக்கியத்தில் விட்டுப்போனது அதுதான். மேலே பார்த்த 836 தவணைக் கடனில், தொடக்கத்திலேயே வட்டி 10% ஆகிவிட்டது என்று வையுங்கள். லட்சத்துக்கு மாத வட்டியே 833. அசலுக்குப் போவது வெறும் 3. இப்படியே விட்டால் கடன் தீர 56 வருடம் ஆகும். அதனால் நடைமுறையில் ஒரு கட்டத்தில் தவணையையும் 965-க்குப் பக்கமாக ஏற்றச் சொல்வார்கள். 15% கூடுதல் தவணையைத் தாங்க முடியுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை கொடுக்கறது தண்ணில கொட்டற மாதிரிதானே?

வட்டியும் தண்ணீரில் கொட்டுவதுதான், அதற்கு மட்டும் யாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை.

வீட்டு விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கடன், 8% வட்டி: வருடத்துக்கு 6.4. உங்கள் கைக்காசு 20 வேறெங்காவது இருந்தால் 6% ஈட்டியிருக்கும்: 1.2. பராமரிப்பு, வரி என்று ஒரு 1. ஆக மொத்தம் 8.6 திரும்பி வராத செலவு. அதே வீட்டில் வாடகைக்கு இருந்தால் வருடத்துக்கு 3 என்றால், வாங்குபவர் 5.6 கூடுதலாகக் கொடுக்கிறார். வீட்டு விலை வருடத்துக்கு 5.6%-க்கு மேல் ஏறும் என்று பந்தயம் கட்டுகிறார் என்று பொருள். ஏறலாம், ஏறாமலும் போகலாம். வாடகை 7 ஆக இருக்கும் ஊரில் இதே கணக்கு வாங்கு என்று சொல்லும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வாடகைக்கு இருந்து மிச்சப்படுத்துவதைச் செலவழித்துவிடுபவருக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அவருக்குத் தவணை என்பது கட்டாய உண்டியல்.

அப்போ ‘எலி வளையானாலும் தனி வளை’ன்னு சொன்னதெல்லாம் பொய்யா?

இல்லை. அந்தப் பழமொழி லாபத்தைப் பேசவில்லை. யாரும் வந்து “அடுத்த மாதம் காலி பண்ணுங்க” என்று சொல்ல முடியாத நிலையைப் பேசுகிறது. பிள்ளையைப் பள்ளி மாற்ற வேண்டாம், ஆணி அடிக்க அனுமதி கேட்க வேண்டாம். இதற்கெல்லாம் மேலே போட்ட கணக்கில் இடமில்லை, ஆனால் மதிப்பு உண்டு.

ஆனால் அந்த நிம்மதி சொந்த வீட்டில் மட்டும்தான் கிடைக்க வேண்டுமா? சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஏழை நாடுகளா அவை? ஜெர்மனியில் வாடகைக்காரரை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றச் சட்டம் விடாது. ஆஸ்திரியாவின் வியன்னா நகராட்சி 1923-ல் வீட்டு வரி ஒன்றைப் போட்டு, பெரிய மாளிகைகளிடம் அதிகமாக வாங்கி, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் 60,000-க்கும் மேல் வீடுகள் கட்டியது. 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். இன்றைக்கும் நகராட்சி கையில் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் நகராட்சி வீட்டிலோ, லாப வரம்புள்ள சங்கங்களின் வீட்டிலோதான் இருக்கிறார்கள். அங்கே வாடகைக்காரர் என்றால் யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை.

வெளிநாட்டுக்காரங்களும் பணமுதலைகளும் வாங்கிக் குவிக்கறதுதான் காரணம்னு சொல்றாங்களே?

ஒரு பங்கு உண்டு, முழுக் காரணம் இல்லை. நியூசிலாந்து 2018-லும் கனடா 2023-லும் வெளிநாட்டவர் வாங்குவதைப் பெருமளவு தடுத்தன. இரண்டு நாடுகளிலும் வீடு எட்டும் பொருளாகிவிடவில்லை. முதலீட்டாளர் ஏன் வருகிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சும்மா பூட்டிப் போட்டாலும் விலை ஏறும் பொருள் வேறெங்கே கிடைக்கும்?

நிறையக் கட்டினா விலை குறையுமா? புதுசா கட்டறதெல்லாம் பணக்காரங்களுக்குத்தானே?

புது வீட்டுக்குப் பணக்காரர் போகட்டும், அவர் விட்ட பழைய வீட்டுக்கு இன்னொருவர் போவார். புதிது கட்டாவிட்டால் அதே பணக்காரர் உங்கள் பழைய வீட்டுக்கு ஏலம் கேட்க வருவார். நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-ல் குடியிருப்பு நிலத்தில் முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்டலாம் என்று விதியைத் தளர்த்தியது. சில வருடங்களில் கட்டட அனுமதிகள் இரட்டித்தன, வாடகை ஏற்றமும் மட்டுப்பட்டது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1960-ல் வீட்டு வசதி வாரியம், 1966-ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம். மண்ணை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டு, மேலே கட்டிய வீட்டை மட்டும் 99 வருடக் குத்தகைக்கு விற்றது. இன்று அங்கே பத்தில் ஒன்பது குடும்பம் சொந்த வீட்டில் இருக்கிறது. குத்தகை முடியும்போது என்ன என்ற கேள்வி இப்போதே அங்கே எழுந்துவிட்டது. வருடம் குறையக் குறைய வீட்டின் மதிப்பும் கரையுமே. மண்ணைக் கணக்கிலிருந்து எடுத்ததால் கிடைத்த மலிவு அது, அதன் மறுபக்கமும் அதுதான்.

வீட்டு விலை குறையணும்னு எந்தக் கட்சியும் சொல்றதில்லையே, ஏன்?

வீடு வைத்திருப்பவர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். பல நாடுகளில் அவர்கள்தான் பெரும்பான்மை, அவர்களுடைய வாழ்நாள் சேமிப்பு முழுக்க அந்தச் சுவருக்குள் இருக்கிறது. வீடு எல்லோருக்கும் எட்ட வேண்டும், வைத்திருப்பவருக்கு விலையும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரே மேடையில் இரண்டு வாக்குறுதியும் கேட்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. நாமும் அப்படித்தான்: வாங்கும் வரை விலை குறைய வேண்டும், பதிவு முடிந்த மறுநாளிலிருந்து ஏற வேண்டும்.

கொஞ்ச வருஷம் காத்திருந்தா, 2008-ல அமெரிக்காவுல ஆன மாதிரி விலை சரியாதா?

சரியலாம். ஜப்பானில் 1991-ல் நில விலை உச்சத்தைத் தொட்டு, பிறகு பத்து வருடத்துக்கும் மேல் இறங்கிக்கொண்டே போனது. அயர்லாந்தில் 2007-லிருந்து 2013-க்குள் வீட்டு விலை ஏறக்குறைய பாதியானது. ஆனால் அயர்லாந்தில் விலை பாதியானபோது வேலைகளும் போயின, வங்கிகளும் கடன் கொடுப்பதை நிறுத்தின. மலிவாக வாங்கியவர்கள் பெரும்பாலும் கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள். சரிவுக்குக் காத்திருப்பவர், அந்தச் சரிவில் தன் வேலை தப்பும் என்பதையும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கிறது.

அப்பா அம்மா வீடு எப்படியும் எனக்குத்தானே? அதை நம்பி இருந்துடலாமா?

அவர்கள் நூறு வயது இருக்கட்டும். 85 வரை இருந்தால்கூட உங்களுக்கு அப்போது 55-லிருந்து 60. பிள்ளைகளை வளர்க்க வீடு தேவைப்பட்ட வருடங்கள் போயிருக்கும். உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு உண்டு. அதைவிட, முதுமையில் மருத்துவச் செலவுக்கு அந்த வீடுதான் அவர்களுக்கு இருக்கும் ஒரே கையிருப்பாக இருக்கலாம். சிலருக்கு முன்பணத்தைப் பெற்றோரே கொடுக்கிறார்கள். என் மேசைக்கு வந்த இளம் வயதினரில் முன்பணத்தை முழுக்கத் தன் சம்பளத்திலிருந்து கொண்டுவந்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே போனதைப் பார்த்தேன்.

சரி சார், சுத்தி வளைக்காம சொல்லுங்க. நான் இப்ப வாங்கலாமா?

நான் கேட்பது நான்கே விஷயம். தவணை கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கிறதா? முன்பணம், பதிவுச் செலவு எல்லாம் போன பிறகும் ஆறு மாதத் தவணை கையில் இருக்குமா? அதே ஊரில் ஏழெட்டு வருடமாவது இருப்பீர்களா? அதற்கு முன்பே விற்றால், வாங்க, விற்க ஆகும் செலவு ஈடாகாது. கடைசியாக, 15% கூடுதல் தவணையைத் தாங்குவீர்களா?

சந்தேகமாக இருந்தால் ஒத்திகை பாருங்கள். வரப்போகும் தவணையிலிருந்து இப்போதைய வாடகையைக் கழித்து, மீதியை மாதா மாதம் ஒரு தனிக் கணக்கில் போடுங்கள். ஒரு வருடம். நான்காவது மாதமே அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் பதில் தெரிந்துவிடும். எடுக்காமல் முடித்தால் முன்பணத்தில் ஒரு பகுதி சேர்ந்திருக்கும்.

கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடற அன்னிக்கு எதைப் பார்க்கணும்?

மூன்று வரியைத் தேடுங்கள். வட்டி எப்போது, எதை வைத்து மாறும் என்ற வரி. முன்கூட்டி அசல் கட்டினால் அபராதம் உண்டா என்ற வரி. காப்பீடு என்ற பெயரில் கடனோடு ஒட்டவைத்த தொகை இருக்கிறதா என்ற வரி. பிறகு, மாதவாரியாக அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று காட்டும் அட்டவணையை அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள். கேட்காதவர்களுக்கு நாங்கள் கொடுத்ததில்லை.